தரவரிசையும் தரமும்



ஆண்டுதோறும் டிசம்பர் வாக்கில் வணிக நாளேடுகளில் ஒரு பட்டியல் வரும். கடந்த ஐந்தாண்டில் பங்குதாரர்களுக்கு அதிகச் செல்வம் சேர்த்துக் கொடுத்த நூறு நிறுவனங்கள் எவை என்று மும்பையின் மோதிலால் ஓஸ்வால் நிறுவனம் 1996 முதல் வெளியிட்டுவரும் ஆய்வு அது. அதிகத் தொகை சேர்த்தவர், அதிக வேகத்தில் சேர்த்தவர், விடாமல் சேர்த்தவர் என்று அதில் மூன்று வரிசைகள் உண்டு. மறுநாள் காலை பங்குத் தரகர் அலுவலகத்துக்குப் போனால், பட்டியலைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "முதல் பத்துல எதை வாங்கலாம், சார்?"

அந்தக் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். இத்தகைய தரவரிசைகளைக் குப்பையில் போடச் சொல்ல நான் வரவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலிடப்பட்டுள்ள மும்பைச் சந்தையில் தேடலை எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. ஆனால் அதில் அச்சாகியிருக்கும் எண், நேற்றுவரை பங்கை வைத்திருந்தவருக்குக் கிடைத்தது. இன்று வாங்குகிறவர் அந்த வெற்றிக்கு விலை கொடுத்துத்தான் உள்ளே வருகிறார். பட்டியல் நிறுவனத்தைக் காட்டுகிறது, விலையைக் காட்டுவதில்லை. இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

இந்தப் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன? நிறுவனத்தின் கடமை பங்குதாரருக்கு லாபம் ஈட்டுவதே என்று மில்டன் ஃப்ரீட்மன் 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைக் கணக்காக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் ராப்பபோர்ட். 1986-இல் வந்த அவருடைய நூல், ஏட்டில் காட்டும் லாபத்தை நம்பாதே, வரப்போகும் ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துப் பார் என்றது. அதே காலத்தில் ஜோயல் ஸ்டெர்ன், பென்னட் ஸ்டூவர்ட் என்ற இருவர் ஈ.வி.ஏ. எனப்படும் பொருளாதாரக் கூடுதல் மதிப்பைப் பிரபலப்படுத்தினார்கள். கோகோ கோலாவின் ராபர்ட்டோ கோயிசுவேட்டா அதன் பெரிய ஆதரவாளர். 1993-இல் ஃபார்ச்சூன் அதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 1996-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆயிரம் அமெரிக்க நிறுவனங்களைப் பங்குதாரர் ஆதாயத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்தத் தொடங்கியது. நம் ஊரில் இன்ஃபோசிஸ், இந்துஸ்தான் யூனிலீவர் போன்றவை ஈ.வி.ஏ. கணக்கைத் தங்கள் ஆண்டறிக்கையிலேயே அச்சிட்டன.

ஈ.வி.ஏ. என்ன சொல்கிறது என்பதற்கு வெளியே போக வேண்டாம். இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவே ஒரு வைப்புத்தொகையின் வட்டியில்தான் நடக்கிறது. அந்தத் தொகை 7 சதவீத வட்டி ஈட்டுகிறது, விலைவாசி 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவழித்தால் அசல் வங்கியில் அப்படியே இருக்கும். அதன் வாங்கும் சக்தி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தேயும். தொழிலிலும் இதே கதைதான். ஒரு நிறுவனம் 100 கோடி மூலதனத்தைப் போட்டு, வரி போக 11 கோடி செயல்பாட்டு லாபம் காட்டுகிறது. கணக்குப் புத்தகத்தில் லாபம், பொதுக்குழுவில் கைதட்டல். ஆனால் கடன் கொடுத்தவரும் பங்குதாரரும் அந்த 100 கோடிக்குச் சேர்ந்து எதிர்பார்ப்பது 13 சதவீதம் என்றால் 2 கோடி பள்ளம். லாபம் ஈட்டிக்கொண்டே ஒரு நிறுவனம் செல்வத்தை அழிக்க முடியும் என்று சாதாரண முதலீட்டாளருக்கும் புரியவைத்தது இந்தக் கணக்கின் பெரும் சாதனை. மூலதனம் ஓசியில் வருவதில்லை என்பதை நம் அரசுத்துறை நிறுவனங்கள் பல இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு சொற்பொழிவுக்கான பொருள்.

ஆக, பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்ததும் எதை வைத்து வரிசைப்படுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். பங்கு விலை ஏற்றத்தோடு ஈவுத்தொகையையும் சேர்த்த மொத்த ஆதாயமா? சந்தை மதிப்பிலிருந்து போட்ட மூலதனத்தைக் கழித்த மீதியா? போட்ட மூலதனத்துக்கு ஈட்டிய வருவாய் விகிதமா? முதல் இரண்டும் சந்தையின் அபிப்பிராயம் கலந்தவை. மூன்றாவது மட்டுமே நிறுவனத்தின் உள்ளே நடந்ததைச் சொல்வது. தொகையை வைத்து வரிசைப்படுத்தினால் ரிலையன்ஸ் போன்ற யானைகள் முன்னே நிற்கும். வேகத்தை வைத்தால் ஐந்தாண்டுக்கு முன் யாரும் சீந்தாத சிறு பங்குகள் மேலே வரும்.

பங்கின் விலையையே தரம் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, இந்தியாவின் பெரிய நிறுவனம் அதுதான் என்று எத்தனையோ பேர் நம்பினார்கள். இருப்பது சுமார் 42.4 லட்சம் பங்குகள். மொத்த மதிப்பு 42,400 கோடி. அன்றைக்கு 450 ரூபாய் அளவில் கைமாறிய ஐ.டி.சி.யின் மதிப்போ ஐந்து லட்சம் கோடிக்கு மேல். எம்.ஆர்.எஃப். நல்ல நிறுவனம்தான். அந்த ஒரு லட்சம் அதற்குச் சான்று ஆகாது, அவ்வளவே.

வேக வரிசைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடிக்காத வரிசை அது. ஆனால் தரகர் அலுவலகத்தில் முதலில் விரல் போவது அங்கேதான். 2003 முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்தாண்டுக்கு மோதிலால் ஓஸ்வால் ஆய்வில் மிக வேகமாகச் செல்வம் சேர்த்த நிறுவனமாக வந்தது தில்லியைச் சேர்ந்த ரியல் எஸ்டேட் நிறுவனமான யூனிடெக். மனைத்தொழில் பொங்கி வழிந்த ஆண்டுகள் அவை. கட்டாத வீட்டையும் வாங்காத நிலத்தையும்கூடச் சந்தை மதிப்பில் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தாண்டியபோது யூனிடெக் பங்கு 500 ரூபாய்க்கு மேல் நின்றது. கணக்கு மார்ச்சில் முடிந்து பட்டியல் டிசம்பரில் வெளிவருவதற்குள் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் விழுந்து, சென்செக்ஸ் பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. யூனிடெக் 50 ரூபாய்க்கும் கீழே. ஐந்தாண்டு வெற்றியின் சான்றிதழ் கைக்கு வந்த நாளில் அந்த வெற்றி கரைந்துபோயிருந்தது. வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு மத்திய அரசு அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

ஆய்வு செய்தவர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் நடந்ததை அளந்தார்கள். வாங்கியவர்கள் அதை நடக்கப்போவதாகப் படித்தார்கள்.

வேக வரிசையில் வரும் ஆதாயத்தை உடைத்துப் பார்த்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வரும். ஒரு நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் லாபம் ஈட்டுகிறது, சந்தை அதற்குப் பத்து மடங்கு கொடுக்கிறது, விலை 100. ஐந்தாண்டு கழித்து லாபம் 16 ரூபாய் ஆகிறது, பெயர் பரவியதால் சந்தை இப்போது இருபத்தைந்து மடங்கு கொடுக்கிறது, விலை 400. பட்டியலில் இது ஆண்டுக்கு 32 சதவீத வளர்ச்சி, முன் வரிசை நிச்சயம். ஆனால் தொழில் வளர்ந்தது ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம்தான். மற்றதெல்லாம் சந்தை கொடுக்கும் மடங்கு, அதாவது பி.இ. விகிதம், பத்திலிருந்து இருபத்தைந்துக்கு ஏறியதால் வந்தது. இனி நீங்கள் 400-க்கு வாங்குகிறீர்கள். நிர்வாகம் சொன்ன சொல் தவறாமல் அடுத்த ஐந்தாண்டும் அதே 10 சதவீதத்தில் லாபத்தை வளர்த்து 25 ரூபாய் 60 காசுக்குக் கொண்டுவருகிறது. சந்தை மட்டும் மனம் மாறிப் பதினைந்து மடங்குக்கு இறங்கிவிட்டது. விலை 384. லாபம் அறுபது சதவீதம் கூடியிருக்கிறது. உங்கள் முதலீடு குறைந்திருக்கிறது. நிறுவனத்தை ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது.

நான் காட்டியது கற்பனைக் கணக்கு. ஆனால் இன்றைய இந்துஸ்தான் யூனிலீவரான இந்துஸ்தான் லீவர் பங்கை 2000-ஆம் ஆண்டின் உச்ச விலையில் வாங்கியவருக்கு இது சொந்த அனுபவம். தொண்ணூறுகள் முழுவதும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் முன்னே நின்ற நிறுவனம். மூலதனத்துக்கு ஈட்டும் வருவாயில் அதற்கு ஈடாக விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நிறுவனங்கள் இருந்தன. கடன் கிடையாது, வீட்டுக்கு வீடு சோப்பு. பிறகு விற்பனை தேங்கியது. 2004-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் டைட், ஏரியல் விலையைக் குறைக்க, சலவைத்தூளில் விலைப் போர் மூண்டு லாபமே சரிந்தது. 2000-இன் உச்ச விலையை மறுபடி பார்க்க ஏறத்தாழ பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டிலும் தரத்தில் அது பெரிதாகக் கெட்டுப்போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தரமான நிறுவனம், தவறான விலை.

ஆய்வாளர்கள் இதை எண்களாலும் காட்டியிருக்கிறார்கள். வெர்னர் டி பாண்ட், ரிச்சர்ட் தேலர் இருவரும் 1985-இல் வெளியிட்ட கட்டுரையில் நியூயார்க் சந்தையின் பங்குகளைக் கடந்த சில ஆண்டு ஆதாயத்தின்படி வரிசைப்படுத்தி, மேலே நின்ற 35, கீழே கிடந்த 35 என்று இரண்டு கூடைகளைக் கட்டினார்கள். அடுத்த மூன்றாண்டில் தோற்றவர்களின் கூடை வென்றவர்களின் கூடையைச் சுமார் 25 சதவீதம் முந்தியது. டாம் பீட்டர்ஸும் ராபர்ட் வாட்டர்மனும் 1982-இல் எழுதிய நூலில் தலைசிறந்தவை என்று போற்றிய நிறுவனங்களை எடுத்து மிஷேல் கிளேமன் 1987-இல் சோதித்தார். அந்த நூலின் அளவுகோல்களில் கடைசியில் நின்ற நிறுவனங்களின் பங்குகள் அவற்றைவிட நல்ல ஆதாயம் தந்திருந்தன. இதற்காகக் குப்பைப் பங்குகளை வாங்கச் சொல்கிறேன் என்று யாரும் குறிப்பெடுக்க வேண்டாம். புகழுக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு என்பதைத்தான் இவை காட்டுகின்றன.

அப்படியானால் பட்டியலால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நான் அதில் தேடுவது ஒன்றே: வெவ்வேறு ஐந்தாண்டுகளின் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர். ஏறுமுகச் சந்தையில் வந்தது, இறங்குமுகத்திலும் வந்ததா? அப்படி ஒரு பெயர் கிடைத்தால் ஆண்டறிக்கையைத் திறந்து, புதிதாகப் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு கூடுதலாக ஈட்டினார்கள் என்று பார்ப்பேன். சராசரி விகிதம் ஏமாற்றும். ஐ.டி.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரெட்டில் வந்த அள்ள அள்ளக் குறையாத லாபம், ஓட்டல்களில் போட்ட மூலதனம் தந்த சொற்ப வருவாயைப் பல ஆண்டுகள் மூடி மறைத்தது. ஓட்டல் தொழில் தனி நிறுவனமாகப் பிரிந்து 2025 ஜனவரியில் சந்தைக்கு வந்ததற்குப் பங்குதாரர்களின் நெடுநாள் முணுமுணுப்பும் ஒரு காரணம். சிகரெட் விற்பதைத் தரம் என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு எந்தத் தரவரிசையிலும் ஒரு பத்தி கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கூடுதல் மூலதனத்தின் வேலையை நம் சென்னையிலேயே பார்க்கலாம். 2000-களின் முதல் பாதியில் ஐஷர் குழுமம் டிராக்டர் முதல் காலணி வரை பதினைந்து தொழில்கள் செய்துகொண்டிருந்தது. எதிலும் முதலிடம் இல்லை. குழுமத்தை நடத்திய சித்தார்த்த லால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டார். டிராக்டர் பிரிவை 2005-இல் சென்னையின் டாஃபே வாங்கிக்கொண்டது. மிஞ்சியவை லாரியும், திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட்டும். லாரிக்கு வால்வோவைக் கூட்டுச் சேர்த்தார்கள். புல்லட்டுக்குப் புதிய இன்ஜின் வந்தது. 2010-இல் ஐம்பதாயிரம் அளவில் விற்ற வண்டி 2018-இல் எட்டு லட்சத்தை எட்டியது. முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் வண்டிக்குக் காத்திருந்தார்கள் வாங்குகிறவர்கள். வாடிக்கையாளர் பணத்திலேயே சரக்கு ஓடியது, கடன் தேவைப்படவில்லை, ஓரகடம் ஆலை சொந்த லாபத்தில் எழுந்தது. மூலதனம் கொஞ்சம், லாபம் அதிகம்: விகிதம் எகிறியது, பங்கும் எகிறியது.

ஆனால் ஐஷர் பட்டியலின் உச்சிக்கு வந்தபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. 2005-இல், பதின்மூன்று தொழில்களைக் கைகழுவும் முடிவை எடுத்தபோது, எந்தச் செல்வப் பட்டியலும் அதை உயர்த்திப் பிடிக்கவில்லை. 2017-இன் உச்சத்தில் வாங்கியவர் அதே விலையைப் பார்க்க ஏறத்தாழ ஐந்தாண்டு ஆனது. தரவரிசை பின்னோக்கிப் பார்ப்பது. மூலதனத்தை எங்கே போடுவது, எங்கிருந்து எடுப்பது என்று நிர்வாகம் எடுக்கும் முடிவு முன்னோக்கியது. அது இயக்குநர் அறிக்கையின் நடுப்பக்கங்களில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். ஓசூரின் டைட்டனும் தொண்ணூறுகளில் ஐரோப்பாவுக்குக் கடிகாரம் விற்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட நாட்களில் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்காது. 1984-இல் டாடாவோடு அதைத் தொடங்கிய தமிழ்நாடு அரசின் டிட்கோ அன்றும் பங்கை விற்கவில்லை, இன்றும் அதன் மிகப் பெரிய தனிப் பங்குதாரராக இருக்கிறது. அரசு நிறுவனமொன்று இப்படிப் பொறுமை காத்தது திட்டமிட்டா, கோப்பு நகராததாலா என்று ஆராய நான் தயாரில்லை.

விகிதம் நன்றாக இருந்தால் போதுமா? ஏட்டில் இருக்கும் லாபம் வங்கிக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை வணிகவியல் மாணவர்கள் பாடமாகவே படிக்க வேண்டும். ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதினார். சத்யம் அப்போது சென்செக்ஸ் குறியீட்டில் ஒரு நிறுவனம். நல்லாட்சிக்காக அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் விருது வாங்கியிருந்தது. ரொக்கம் இவ்வளவு என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதற்கு ஈட்டிய வட்டி வருமானம் எவ்வளவு என்று லாபநட்டக் கணக்கில் பார்த்து, ரொக்கத்தால் வகுத்துப் பாருங்கள். வங்கி வட்டிக்கு ஒத்துவராவிட்டாலோ, மலைபோல் ரொக்கம் வைத்துக்கொண்டே வெளியே கடன் வாங்கினாலோ கேள்வி கேளுங்கள். வகுத்தது ஒத்துவந்தாலும் அதோடு நிம்மதி அடைந்துவிட முடியாது. சத்யத்தில் வராத வட்டியையும் வந்ததாக எழுதியிருந்தார்கள். பல ஆண்டு லாபத்தைக் கூட்டி, அதே ஆண்டுகளின் செயல்பாட்டு ரொக்க வரவோடும், அந்த ரொக்கம் ஈவுத்தொகையாகவோ ஆலையாகவோ கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போய்ச் சேர்ந்ததா என்பதோடும் ஒப்பிடுவது இன்னும் நம்பகமான வழி. புரமோட்டர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருப்பதை வெளியே சொல்லியாக வேண்டும் என்று செபி விதித்ததும் அந்த ஜனவரியில்தான். அந்தப் பத்தியைப் படிக்காமல் எந்தப் பங்கையும் வாங்காதீர்கள்.

விலையையும் வரிசைக்குள் கொண்டுவந்தவர் ஜோயல் கிரீன்பிளாட். 2005-இல் வந்த சிறு நூலில் அவர் சொன்ன வழி எளியது. மூலதன வருவாயில் ஒரு வரிசை, விலைக்கு எவ்வளவு லாபம் கிடைக்கிறது என்பதில் இன்னொரு வரிசை. இரண்டு இடங்களையும் கூட்டு. தரத்தில் 4-ஆம் இடமும் மலிவில் 380-ஆம் இடமும் பெற்றது 384. தரத்தில் 60, மலிவில் 70 என்றால் 130. இதுதான் முன்னே வரும். வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குக் கடன்தான் சரக்கு, மூலதன விகிதம் அங்கே பொருள்படாது. இந்த வழியிலும் தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டு சந்தையைவிடப் பின்தங்க நேரும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். என் பழக்கம், இதனோடு வாரன் பஃபெட்டின் ஒரு சோதனையைச் சேர்ப்பது: பங்குதாரருக்குக் கொடுக்காமல் நிறுவனம் வைத்துக்கொண்ட ஒவ்வொரு ரூபாயும் ஐந்தாண்டில் சந்தை மதிப்பில் குறைந்தது ஒரு ரூபாயையாவது கூட்டியதா? 500 கோடியை வைத்துக்கொண்டு 200 கோடி மதிப்பைத்தான் கூட்டினார்கள் என்றால் அதை ஈவுத்தொகையாகவே கொடுத்திருக்கலாம்.

அவைத்தலைவர் கேள்விகளுக்கு நேரம் விடச் சொல்கிறார். மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். இந்த ஆண்டுப் பட்டியலை விட்டுவிடுங்கள். கல்லூரி நூலகத்தில் கட்டிவைத்திருக்கும் பழைய வணிக இதழ்களில் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பட்டியல் ஒன்றை எடுங்கள். முதல் இருபது பெயர்களுக்கும் அன்றைய பி.இ. விகிதத்தையும், அதற்கு முந்தைய ஐந்தாண்டு லாப வளர்ச்சியையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு இன்றைய விலையைப் போடுங்கள். போனஸ், பங்குப் பிரிப்பு இவற்றைச் சரிசெய்யாமல் போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். ஐஷரில் 2020-இல் ஒரு பங்கு பத்தானது. சில பெயர்கள் கிடைக்கவே கிடைக்காது, அவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் பிழைத்தவர்களின் கதை மட்டுமே மிஞ்சும். ஆகவே இணைப்பு விவரங்களையும் தேடுங்கள்: சத்யம் 2013-இல் டெக் மஹிந்திராவுக்குள் போனது, ஹெச்.டி.எஃப்.சி. 2023 ஜூலையில் தன் வங்கிக்குள்ளேயே போனது. எந்த விகிதத்தில் பங்கு மாற்றிக் கொடுத்தார்கள் என்பது பங்குச்சந்தையின் பழைய அறிவிப்புகளில் இருக்கிறது.